கண்ணாடிக்கத்தியம்மாவும் ஒட்டின ஜவ்வரிசியும்

நாமக்கல் லாரியை வாய்மூட வைக்கும் வல்லமை இவ்வுலகில் எவருக்கேனும் உண்டா என்று கேட்டால், காவல் துறையினரே சற்றுத் தயங்கித்தான் விடை சொல்வார்கள். எனக்குத் தயக்கமில்லை. கண்ணாடிக்கத்தியம்மாவுக்கு அது உண்டு. நாள்தோறும் நண்பகல் உணவு வேளையில், நகக்கண்ணில் ஒட்டினாலும் தெரியாத ஓர் இலைத் துணுக்குக்காக, பாறையைத் துளைக்கும் ரிக் லாரிகளைக்கூட அவர் மௌன விரதம் காக்கச் செய்தார்.

அவருடைய இயற்பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் வாழ்ந்தது. ராசிபுரத்தைத் தாண்டி நாமக்கல் செல்லும் சாலையோரத்தில் அமைந்த பயிர்நோய் ஆய்வகம் ஒன்றில் அவர் நுண்ணோக்கிப் பிரிவின் தலைவர். உழவர்களுக்கான துண்டறிக்கைகளை எழுதுவதும் திருத்துவதும் அதே ஆய்வகத்தில் என் பணி. அவருடைய இருட்டறைக்கும் என் மேசைக்கும் இடையே இருந்தது ஒரு மெல்லிய மரத்தடுப்பு. ஆகவே அவர் கண்ணாடி உடைக்கும் ஓசையைக் கேட்டுத்தான் என் ஒவ்வொரு காலையும் விடிந்தது.

கண்ணாடியை ஏன் உடைக்க வேண்டும்? உயிரணுவின் உள்ளே பார்க்க வேண்டுமானால் இலையைப் பிசினில் புதைத்துக் கல்லாக்கி, தலைமயிரின் கனத்தில் ஆயிரத்தில் ஒரு பங்காகச் சீவ வேண்டும். அந்த வேலைக்கு எஃகுக் கத்தியும் கடப்பாரையும் ஒன்றே. தடித்த கண்ணாடிப் பட்டையை முறைப்படி உடைத்தால், உடைந்த விளிம்பில் ஒரு கூர்மை பிறக்கும். அது அன்றைக்கு மட்டுமே உயிரோடிருக்கும். அம்மா ஒவ்வொரு காலையும் புதுக்கத்தி உடைப்பார். உடைக்கும்போது எவரும் இருமக்கூடாது. ‘டிக்’ என்று ஓசை தெளிவாக விழுந்தால், “இன்னைக்கு நல்லாப் பேசுச்சுங்க” என்று மகிழ்வார். கரகரத்தால் அன்று முழுவதும் எங்களோடு பேசமாட்டார்.

அவர் ஒதுக்கிய முந்தின நாள் கத்தி ஒன்றை எங்கள் அலுவலக உதவியாளர் முருகேசன் எடுத்துச்சென்று எலுமிச்சம்பழம் அறுத்தார். சற்று நேரத்தில் கையை ஏந்தியபடி ஓடிவந்தார்.

“ஏனுங்கம்மா, இந்தப் பழத்துல செவப்பாச் சாறு வருதுங்க.”

“அது உன்ற வெரலு சாமி,” என்றார் அம்மா.

விரலைப் பார்த்தபிறகுதான் முருகேசனுக்கு வலித்தது. அம்மாவோ கட்டுப்போட்டுக்கொண்டே கண்கள் பளபளக்கக் கேட்டார்: “அறுபட்டதே தெரியலியா? நேத்துக் கத்தியாச்சே. அதுக்கே இத்தன கூர் மிச்சம் இருந்துச்சா?” அன்று முழுவதும் முருகேசனின் விரல் எங்கள் ஆய்வகத்தின் பெருமையாக விளங்கியது.

இனி லாரிகள். அணு அளவைப் பெரிதாக்கிக் காட்டும் மின்னணு நுண்ணோக்கியை லாரிகள் உறுமும் நெடுஞ்சாலையோரத்தில் நிறுவிய பெருமகன் யார் என்பதை எந்தக் கோப்பும் சொல்லவில்லை. சாலையில் ஒரு வண்டி போனால் போதும்; தரை அதிரும், திரையில் தெரியும் உருவம் குளத்து நிலவைப் போலக் கலையும். ஓடுகிற வண்டியாவது போய்விடும். எதிரே இருந்த சாப்பாட்டுக்கடையின் முற்றத்தில், இஞ்சினை ஓடவிட்டுவிட்டு உண்ண அமரும் வண்டிகள்தாம் பெருந்தொல்லை. அந்தக் கடையை நடத்தியவர் சேலத்திலிருந்து வந்த பாய். அம்மா ஒருநாள் சாலையைக் கடந்துபோய் அவரிடம் முறையிட்டார். என்ன பேசினாரோ அறியேன். மறுநாள் முதல், உணவு வேளை தொடங்கியதும் பாய் வாசலில் வந்து நின்று கையை உயர்த்துவார்.

“யோவ், இஞ்சின ஆஃப் பண்ணுப்பா. அம்மா உள்ள பாத்துக்கிட்டு இருக்காங்க.”

“என்னத்த பாய் பாக்கறாங்க? கரடியா?”

“கரடிய நான் பாப்பனே, அதுக்கு அம்மா எதுக்கு? நீ போட்ட சத்தத்துல ஓடிப்போற மாதிரி ஒண்ணு. ஆஃப் பண்ணிட்டு வந்து சோத்தத் தின்னு.”

இவ்வாறு ஊரே உண்ணும் வேளை அம்மா உண்ணா வேளையாயிற்று. முந்தானையில் முடிந்த பொரியே அவருடைய நண்பகல் உணவு. ஆனால் இருட்டறைக்குள் ஒரு பொரிகூடச் சிந்தியதில்லை.

எனக்கும் அவருக்கும் நிகழ்ந்த பெரும்போர் ஒரு துண்டறிக்கையைப் பற்றியது. எங்கள் சமவெளியின் உயிர்நாடி மரவள்ளி, ஊர்மொழியில் குச்சிக்கிழங்கு. அதன் கிழங்கு ஆலைக்குப் போய் ஜவ்வரிசியாகும். அதன் குச்சி மறுபடி மண்ணுக்குப் போய்ப் பயிராகும். அதன் இலையில் மஞ்சளும் பச்சையுமாகத் திட்டுத்திட்டாய்ப் படர்ந்து, இலையைச் சுருக்கி, கிழங்கை இளைக்கவைப்பது தேமல் நோய். வைரஸ் என்று ஊர் சொல்லும் நச்சுயிரியே அதற்குக் காரணம். ‘நச்சுயிரி பயிரைத் தாக்குகிறது’ என்று நான் தொடங்கியிருந்தேன். அம்மா தாளைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

“தாக்கறதுக்குக் கை வேணுமுங்க. அதுக்கு ஏது கை?”

“நுழைகிறது என்று மாற்றிவிடட்டுமா?”

“நுழையறதுக்குக் காலு வேணுமுங்களே. வெள்ளை ஈ சாறு குடிக்க ஊசிய எறக்கும். எச்சிலோட சேந்து அதும் எறங்கிக்கும். தானா ஒரு எட்டு வெக்காதுங்க.”

“சரி. உள்ளே போய் வளர்கிறதல்லவா?”

“வளராதுங்க. திங்காது, மூச்சு உடாது, குட்டி போடாது.”

“பின்னே என்னதான் அம்மா செய்கிறது?”

அவர் நாற்காலியை இழுத்துப்போட்டு அமர்ந்தார். குரல் தணிந்தது. “காணாமப் போகுமுங்க.”

அதன்பின் அவர் சொன்னதைக் கேட்டபோது, நான் உழவர்களுக்கு எழுதிக்கொண்டிருந்தது எத்தனை வறட்சியான பொய் என்று உணர்ந்தேன். உயிரணுவுக்குள் இறங்கியதும் நச்சுயிரி தன் மேலுறையை உதறிவிடுமாம். அந்தப் பொழுதில் உள்ளே தேடினால், இதுதான் நச்சுயிரி என்று சுட்ட ஒரு துகளும் இராது. எஞ்சியிருப்பது ஓர் இழை மட்டுமே. அது உட்கருவுக்குள் புகுந்து, செடியின் சொந்த இழைகளுக்கு நடுவே தானும் ஓர் இழையாக அமர்ந்துவிடும். உயிரணுவுக்கு வேற்றுமை தெரியாது. அந்த இழையில் உள்ளதைத் தன் வீட்டு உத்தரவு என்று எண்ணிப் படிக்கும், படித்தவாறே செய்யும். தன் உணவைச் செலவிட்டு அதற்குப் படியெடுக்கும், தன் உழைப்பால் அதற்கு உறை நெய்யும். உட்கரு பருக்கும். அதற்குள் கரிய வளையங்கள் எழும். பின்பு, ஒன்றுமே இல்லாதிருந்த வெளியில், துகள்கள் நிரை நிரையாகக் கூடி நிற்கும். சில இழைகள் சுவர்களுக்கிடையே உள்ள நுண்வழிகளில் அடுத்த அறைக்குப் போகும். அங்கும் இதே கதை.

“நெனச்சுப் பாருங்க,” என்றார். “விருந்தாளி ஒருத்தன் வாரான். வந்தவன் சட்டையக் கழட்டிப் போட்டுட்டு ஆளே காணோம். நம்மூட்டு அடுப்புல, நம்ம அரிசில, நம்மளே சமைக்கறோம். யாருக்குச் சமைக்கறோம்னு தெரியாது. திரும்பிப் பாத்தா ஊடு பூரா அவனாவே உக்காந்திருக்கான்.”

“அப்படியானால் எந்தச் சொல்லைப் போடுவது?”

“தோன்றுகிறதுன்னு போடுங்க.”

“அது போதுமா அம்மா?”

“கோயில்ல சாமி தோணுச்சுன்னா போதும்கறீங்க. இதுக்கு மட்டும் போதாதுங்களா?”

போட்டேன்.

அந்த ஆண்டு சித்திரையில்தான் வெண்ணந்தூர் செங்கோடன் வந்தார். ஈரத்துணியில் சுற்றிய மரவள்ளி இலைகளை மேசைமேல் வைத்தார். அவர் மகளைத் தம்மம்பட்டியில் மணமுடித்துக் கொடுத்திருந்தார். எங்கள் பக்கத்தில் நல்ல குச்சியை உறவுக்குள் விலைபேசமாட்டார்கள், கட்டுக்கட்டாகக் கொடுப்பார்கள். சம்பந்தி வீட்டில் முதன்முதலாக மரவள்ளி வைக்க நிலம் திருத்தியிருந்தார்கள். ஆடியில் நடுவதற்குக் குச்சி தருவதாகச் செங்கோடன் பலர் முன்னிலையில் வாக்களித்திருந்தார். கொடுக்காவிட்டால் வாக்குத் தவறியவர். நோய்க் குச்சியைக் கொடுத்தாலோ, பெண்ணைக் கொடுத்த வீட்டின் மண்ணைக் கெடுத்தவர். மகள் அங்கே வாழ வேண்டும்.

“வெண்ணந்தூருக் காட்டுல தேமல்னு சம்மந்தியம்மா காதுல ஆரோ ஓதிப்புட்டாங்க,” என்றார். “என்ற குச்சி சுத்தம்னு நீங்க ஒரு வார்த்த சொல்லிட்டாப் போதுமுங்க. எலையப் பாருங்க, ஒரு திட்டு இருக்குதா?”

அம்மா இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கிளியின் இறகுபோல ஒரே பச்சை. “குச்சிய எப்பத் தெரிஞ்செடுத்தீங்கண்ணா?”

“பங்குனி வெய்யில்லதானுங்க. கெழங்கு வெட்டுனதும் குச்சியப் புளியமரத்தடில நட்டமா நிக்கவெச்சு அடுக்கிருவோம். துளுத்து வார எலையப் பாத்து, திட்டு இருந்தாத் தூக்கிப் போட்டுருவோம். எங்கப்பங் காலத்துல இருந்து இப்படித்தான்.”

“பங்குனி வெய்யில்ல நீங்க என்ன பண்ணுவீங்க?”

“நெழல்ல ஒதுங்குவனுங்க.”

“அதும் ஒதுங்குமுங்க.”

வெயில் ஏறினால் செடியின் தற்காப்பு ஓங்கும், நச்சுயிரி ஒடுங்கும், துளிர்க்கும் இலை தேமலின்றி மின்னும். மழை பெய்து குளிர்ந்தபின் ஒடுங்கியது மீளும். அது ஒளிந்திருக்கும் மாதமாகப் பார்த்து அதைத் தேடுவதையே எங்கள் சமவெளி முழுவதும் வழக்கமாக வைத்திருந்தது. இதை அம்மா பொறுமையாகச் சொன்னார். செங்கோடன் முகம் கறுத்தது.

“கண்ணுக்குத் தெரியாதது இருக்குதுன்னு நீங்க சொன்னா நான் நம்போணுமாக்கும்?”

“வேண்டாமுங்க. நானே இன்னும் பாக்கலியே. பாத்துட்டுச் சொல்றேன்.”

இலையைத் தோய்த்து, உலர்த்தி, பிசினில் புதைத்துக் கல்லாக்கவே பல நாள் சென்றன. பிறகு தேடல். ஒடுங்கிக் கிடப்பதைத் தேடுவது எளிதன்று. பெரும்பாலான உயிரணுக்களில் ஒன்றும் இராது. இல்லை என்று சொல்லி எழுந்துவிடலாம். எவரும் குறை சொல்லப் போவதில்லை. அம்மா எழவில்லை. ஒவ்வோர் உணவு வேளையிலும் உள்ளே போவார், வெறுங்கையோடு வருவார். செங்கோடன் நாள்தோறும் பேருந்தேறி வந்து பாய் கடையில் காத்திருப்பார். ஓட்டுநர்களுக்கும் இப்போது இதில் அக்கறை பிறந்துவிட்டது.

“இன்னைக்காவது கெடச்சுதா?” என்றார் ஒரு ரிக் லாரி ஓட்டுநர்.

“இல்லீங்க.”

“ஆமா, அப்படி எதத்தான் தேடறாங்க?”

“என்ற மானத்தையுங்க,” என்றார் செங்கோடன்.

பாய் அவருடைய இலையில் இன்னொரு கரண்டி சோறு வைத்தார். “மானம் எங்கயும் போவாது, சாப்புடுங்க. அம்மா எதையும் தொலச்சதில்ல. மூக்குக்கண்ணாடியத் தவிர.”

ஒருநாள் இருட்டறையின் கதவு திறந்தது. அம்மா வெளியே வந்து, கதவைச் சாத்த மறந்து, சாலையோரத்தில் நின்று கைகாட்டினார். “செங்கோடண்ணா, வாங்க. பாய், நீங்களும் வாங்க.” என்னையும் கண்ணால் அழைத்தார். எதிர் முற்றத்தில் அத்தனை வண்டிகளும் அடங்கிக் கிடந்தன.

உள்ளே கும்மிருட்டு. நுண்ணோக்கியின் வட்டத் திரையில் மட்டும், கோடைக்குப்பின் முதல் மழை கண்ட புல்லின் நிறத்தில் ஓர் ஒளி. அதில் ஒரு பெரிய உருண்டை, அதுதான் உட்கரு. அம்மா ஒரு குமிழைத் திருகத் திருக அது விரிந்தது. அதன் வயிற்றுக்குள் நாங்கள் இறங்கினோம். மங்கலாக ஒரு கரிய வளையம் கடந்தது. அதற்கப்பால் அவை நின்றன. சின்னஞ்சிறு மணிகள், வரிசை, வரிசைக்குமேல் வரிசை, ஒன்றும் பிசகாமல், எவரோ நூல்பிடித்து அடுக்கியதைப்போல. எந்தக் கையும் அவற்றை அடுக்கவில்லை. கண்ணற்ற, காலற்ற, உயிர் உண்டோ இல்லையோ என்று உறுதியாகச் சொல்லவியலாத ஒன்று, ஓர் இலையின் மிக உள்ளறையில், இத்தகைய ஒழுங்கோடு தோன்றி நின்றது.

எப்போதும் விளக்கம் சொல்லும் அம்மா, குமிழிலிருந்து கையை எடுத்துவிட்டு எங்களோடு சேர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

“களமுங்க,” என்றார் செங்கோடன் கடைசியில், கோயிலுக்குள் பேசும் குரலில். “சேகோ ஆலைக் களத்துல ஜவ்வரிசி காயப்போட்ட மாதிரியே இருக்குதுங்க.” குனிந்து உற்றுப் பார்த்தார். “ஆனா, அத்தனையும் ஒட்டின அரிசி. ரெண்டு ரெண்டா ஒட்டியிருக்குது.”

“இந்த வகை ரெட்டையாத்தானுங்க தோணும்,” என்றார் அம்மா. “அத வெச்சுத்தான் இதுதான்னு உறுதியாச் சொல்றோம்.”

பாயின் உதடுகள் இறைவனைத் துதித்து மெல்ல அசைந்தன. அந்நேரம் நெடுஞ்சாலையில் ஒரு லாரி விரைந்தது. திரையில் உட்கரு நீர்போல நடுங்கியது. மணிகள் ஒன்றோடொன்று கலந்து மறைந்து, வண்டி போனதும் மீண்டும் தத்தம் இடத்தில் நின்றன. நாங்கள் நால்வரும் ஒருங்கே மூச்சுவிட்டோம்.

வெளியே வந்ததும் செங்கோடன் வேப்பமரத்தடியில் அமர்ந்துவிட்டார்.

“இத்தன அளகா இருக்கறத எப்பிடிங்க எரிக்கறது?”

“அளகா இருக்கறது வேறங்கண்ணா. அது உங்க காட்டுல இருக்கறது வேற.”

“சம்மந்தியம்மாளுக்கு நான் என்ன சொல்லுவேன்?”

அம்மா சற்று எண்ணினார். “நீங்க சொல்ல வேண்டாம். நான் வாரேன்.”

அலுவலகமே அதிர்ந்தது. உணவு வேளையில் அவர் இருட்டறையை விட்டு வெளியூர் போவது, கொல்லிமலை இடம்பெயர்வதற்கு ஒப்பானது. மறுநாள் லாரிகளுக்கு விடுதலை. திரையில் கண்டதைப் பெரிய படமாக அச்சிட்டு, செங்கோடனும் அம்மாவும் நானும் தம்மம்பட்டிப் பேருந்தில் ஏறினோம். செங்கோடன் முந்தின மாலையே குச்சிகள் அனைத்தையும் எரித்துவிட்டார். அவர் சட்டையில் புகைமணம் இருந்தது.

சம்பந்தியம்மாள் நெடிய உருவம், சொல்லில் சிக்கனம். படத்தை வாங்கிக் கையை நீட்டிப் பார்த்தார். “ஜவ்வரிசி நல்லாத்தான் காயுது. குச்சி எங்க?”

“எரிச்சுட்டனுங்க,” என்றார் செங்கோடன்.

வாயிற்படியில் நின்ற மகள் தந்தையையும் மாமியாரையும் மாறிமாறிப் பார்த்தாள். கையிலிருந்த தண்ணீர்ச் சொம்பை அவள் இன்னும் எவருக்கும் நீட்டவில்லை.

“குச்சி இல்லன்னு சொல்றதுக்கு ஒரு ஆபீசரயே கூட்டிக்கிட்டு வந்துட்டீங்களா சம்மந்தி?”

அம்மா படத்தைத் தரையில் விரித்து, தாமும் தரையில் அமர்ந்தார். ஈயின் ஊசியில் தொடங்கினார். சட்டையைக் கழற்றிய விருந்தாளியைச் சொன்னார். நம் வீட்டு அடுப்பில் நாமே சமைக்கும் கொடுமையைச் சொன்னார். வெயிலில் ஒதுங்குவதைச் சொன்னார். சொல்லச் சொல்ல அவர் முகத்தில், இருட்டறையின் பச்சை ஒளி அந்தப் பட்டப்பகலில் வந்து விழுந்ததைப் போலிருந்தது. வந்த காரியத்தை மறந்துவிட்டார் என்றே அஞ்சினேன். சம்பந்தியம்மாள் எப்போது தரையில் அமர்ந்தார் என்பதை நான் கவனிக்கவில்லை.

“இவரு அந்தக் குச்சியக் கொடுத்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்குமா?”

“நடும்போது தெரியாதுங்க. மழ பெஞ்சு குளுந்ததும் காடு பூராத் தெரியும்.”

“அப்ப இவருக்கு நல்லதுன்னு நெனச்சுக் கொடுத்துட்டுப் போயிருக்கலாம்.”

“போயிருக்கலாமுங்க. அவருதான் நிச்சயம் பண்ணிக்கோணும்னு வந்தாரு.”

சம்பந்தியம்மாள் படத்தை இன்னொருமுறை பார்த்தார். “கொடுத்திருந்தா மூணு தலமுறைக்குப் பேசியிருப்பேன்,” என்றார். பிறகு மருமகளிடம் திரும்பினார். “ஏம்மா, சொம்பப் புடிச்சுக்கிட்டே நிக்கற? உங்கப்பாவுக்கு இலை போடு. அந்தம்மாவுக்கும் போடு, பாத்தா சாப்புட்டு வருசக்கணக்காவுது போல.”

அம்மா உணவு வேளையில் சோறு உண்டதை நான் கண்டது அன்று ஒருநாள்தான். அந்த நிலத்தில் அவ்வாண்டு நிலக்கடலை விதைத்தார்கள். நோயில்லாக் குச்சியை அம்மா மலையடிவாரத்தில் தேடிப் பார்த்துத் தேர்ந்து கொடுத்தது அடுத்த ஆண்டு. படத்தைச் செங்கோடன் கேட்டு வாங்கிக்கொண்டார். அது இன்றும் அவர் வீட்டில் சாமி படங்களின் வரிசையில் தொங்குகிறது. பொட்டு மட்டும் வைக்கவில்லை. “வெச்சா மறுபடி தோணிருமோன்னு பயமுங்க,” என்பார்.

அம்மா ஓய்வுபெற்றுத் திருச்செங்கோட்டுக்குப் போய்ச் சில ஆண்டுகளாயின. நானும் ஓய்வுபெற்றுவிட்டேன். சென்ற மாதம் அவ்வழியே செல்கையில் பாய் கடையில் இறங்கினேன். செங்கோடன் ஒரு குச்சிக்கட்டைப் பக்கத்தில் சாத்திவைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நானும் அவரருகே இலை போட்டு அமர்ந்தேன்.

“சம்மந்தியூட்டுக் குச்சிங்க. இப்ப அவங்கதான் நமக்குக் குடுக்கறாங்க. எலையப் பாக்கக் குடுத்தேன். இப்ப இருக்கற தம்பி ஏதோ சொட்டு மருந்துல கலக்கி, டப்புனு ‘நோயில்லீங்க’ன்னு சொல்லிப்புட்டாரு.”

“நல்ல செய்திதானே?”

“நல்ல சேதிதானுங்க. ஆனா சோத்து நேரத்துல உக்காந்து தேடலீங்களே.”

அப்போது ஒரு ரிக் லாரி உறுமிக்கொண்டு முற்றத்துக்குள் நுழைந்தது. தாடி நரைத்துவிட்ட பாய் வாசலுக்கு வந்து கையை உயர்த்தினார். இஞ்சின் அடங்கியது. இறங்கிய இளம் ஓட்டுநர் பாயை ஒன்றும் கேட்கவில்லை; கேட்க வேண்டும் என்றும் அவருக்குத் தோன்றவில்லை. எதிரே, இருட்டறையின் சாத்திய சன்னல் வெயிலில் மின்னியது. உள்ளே எவரும் இல்லை என்பது எங்கள் மூவருக்கும் தெரியும். ஆயினும், நானும் செங்கோடனும் சோற்றைப் பிசைந்த கையை இலையில் அப்படியே வைத்து, பாயோடு சேர்ந்து அந்தச் சன்னலையே பார்த்திருந்தோம்.